நெய்யாறு இல்லாத சுவர்

வியாழக்கிழமை மத்தியானம் உன் மகள் வந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் என்னுடைய பச்சை ஸ்வெட்டர். பையைத் திறந்ததுமே பாச்சா உருண்டை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. முகத்துக்கு அருகே கொண்டுபோனபோது அந்த வாசனைக்கு அடியில் நம் மெஷின் ரூம் இருப்பதுபோலப் பட்டது. குளிர்ந்த இரும்பு, தரைப்பலகைக்கு அடியில் ஓடும் கேபிள்களின் ரப்பர், யாரோ ஒளித்துவைத்துத் தின்ற ஏத்தக்காய் உப்பேரியின் வறுத்த எண்ணெய். இத்தனை வருஷம் ஒரு வாசனை கம்பளியில் தங்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டது.

"அம்மா அலமாரியில இருந்தது, ஆன்ட்டி. கழுத்துக்குள்ள உங்க பேரைத் தைச்சிருக்கு" என்றாள். கான்வென்ட் ஹாஸ்டலில் பழகிய வழக்கம். துண்டு, உள்பாவாடை, ஸ்வெட்டர் எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் பெயர். நீ அதைப் பார்த்துவிட்டு, "மாமி காணாமப் போனா யாராவது தேடிக் கொண்டுவந்து குடுக்கட்டும்னா இந்த ஏற்பாடு?" என்று கேட்டவள்.

இந்த ஊரில் ஸ்வெட்டர் வைத்திருந்த பெண்கள் நாம் ஐந்தாறு பேர்தான் இருப்போம். வெளியில் வேர்த்து ஒழுகும். மெஷின் ரூமுக்குள் பல் கிட்டும். உனக்குக் குளிர் ஆகாது என்று என்னுடையதைக் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. நீயும் கொடுக்கவில்லை.

உன் மகள் உட்காரவில்லை. காபி வேண்டாமென்றாள். நம் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீ இறந்துபோன செய்தியின் கீழே ஒருவர் எழுதியிருந்ததை என்னிடம் காட்டினாள். அதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். "பாவம், அந்த ரிப்போர்ட் விஷயத்தில் ஒரு உயிர் போகக் காரணமானவர் இவர்தானே? ஆனாலும் நல்ல மனுஷி." அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்த வரிசைக்கு இரண்டு செய்தி மேலே என் இரங்கல், பிழையில்லாத ஆங்கிலத்தில், காற்புள்ளிகள் அததன் இடத்தில்.

"அம்மாகிட்ட கேட்டா, 'எனக்க தப்புதான், விடு'ன்னு சொல்வாங்க. வேற ஒண்ணும் பறயமாட்டாங்க. நானும் கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலையில, உங்க ஆபீஸ் சுவர்ல இருந்த மாதிரி ஸ்க்ரீன் முன்னாலதான் உக்காந்திருக்கேன், ஆன்ட்டி. சுவர்ல எது தெரியணும், எது தெரிய வேண்டாம்னு டியூட்டில இருக்கறவங்க தீர்மானிக்கமாட்டாங்க. அங்க மேனேஜர் நீங்கதானே? நீங்க சொன்னா நான் நம்புவேன். அது அம்மாவோட தப்பா?"

"ஞாயித்துக்கெழமை வா. யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசிக்க என்ன இருக்கு?"

"வயசாயிடுத்தும்மா. ஞாபகப்படுத்திக்கணும்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சர்ச் முடிந்து வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள். கரமனைத் தெருவின் முனையில் அவள் ஆட்டோ திரும்பும்வரை வாசலில் நின்றேன். நடை உன் நடை.

என் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்பது உனக்குத் தெரியும். எழுபத்துநாலு வயதில் முழங்கால் போய்விட்டது, இடது காது பாதி போய்விட்டது, என் வீட்டுக்காரரும் போய் ஒன்பது வருஷமாகிறது. ஞாபகம் மட்டும் போகவில்லை. பாறசாலையில் உன் அடக்கத்துக்கு முழங்காலைச் சொல்லி வராமல் இருந்துவிட்டேன். அதனால் இதை உனக்கு எழுதுகிறேன். உன் மகளுக்குச் சொல்லவேண்டியதை முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நம் கணினி மையத்தில் இரண்டு பெரிய மெயின்ஃப்ரேம்கள். அவற்றைப் பிரித்து ஏழு சிஸ்டங்கள். டைரக்டருக்கு ஆறுகள் மேல் ஆசை, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆற்றின் பெயர் வைத்தார். கரமனை, கிள்ளி, வாமனபுரம், பம்பை, பெரியாறு, கல்லடை, நெய்யாறு. கரமனை என் ஆறு, நெய்யாறு உன் ஆறு என்று நாம் வைத்துக்கொண்டோம். பழைய நாளில் ஏழுக்கும் ஏழு திரை, ஏழு நாற்காலி. ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு நாற்காலியாக நடந்து பார்க்க வேண்டும். பிறகு அந்தப் புதிய மேலாண்மைத் திரை வந்தது. சுவர் அகலத்துக்கு ஒரே திரை. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு கட்டம். நன்றாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. எதெது சுவரில் தெரிய வேண்டும் என்பதற்கு உள்ளே ஒரு பக்கம். அதில் ஏழு பெயர், ஏழு பெயருக்கும் பக்கத்தில் ஒரு டிக். டிக்கை எடுத்துவிட்டால் அந்த சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுவரில் மட்டும் இருக்காது. அதன் எச்சரிக்கை மணியும் வராது.

நாற்காலிகள் போனபின் ஷிஃப்ட் மாற்றம் தளர்ந்துவிட்டது. வந்தவன் சுவரை ஒரு பார்வை பார்ப்பான், போகிறவன் பையை எடுப்பான். எனக்கு அது பொறுக்கவில்லை. பெயர் வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தேன். போகிறவர் சுவரைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும், வருகிறவர் நிறத்தைச் சொல்ல வேண்டும், பிறகு இருவரும் புத்தகத்தில் கையெழுத்து. "கரமனை?" "பச்சை." "கிள்ளி?" "பச்சை." பார்வையாளர்கள் வந்தால் டைரக்டர் அதைப் போட்டுக் காட்டச் சொல்வார். மற்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லப் போவதில்லை.

முதல் நாளே நீ சிரித்தாய். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியாக இருக்கும்போது மாமி. அன்று டீ ரூமில் நாம் இருவர்தான்.

"மாமி, ஹெட்மிஸ்ட்ரஸ் கணக்கா நிக்குதியளே. பிரம்பு ஒண்ணுதான் குறைச்சல்."

"பிரம்பு வாங்கிண்டு வரேன், மொத அடி உனக்குத்தான்."

"அது கெடக்கட்டும். ஒண்ணு கேட்டியளா? ஸ்கூல்ல டீச்சர் ரெஜிஸ்டரப் பாத்துல்லா பேரு வாசிப்பாங்க? நீங்க பெஞ்சப் பாத்து வாசிக்கச் சொல்லுதியளே. வராத புள்ளைய எப்பிடிக் கண்டுபிடிக்க?"

எனக்குச் சுருக்கென்றது. கான்வென்டில் மதர் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு பெரிய பதிவேட்டிலிருந்துதான் வாசிப்பார். வராதவளின் பெயருக்குப் பின் விழும் அமைதிக்காகத்தான் அந்த வாசிப்பே. நான் அதைப் பதினோரு வருஷம் கேட்டு வளர்ந்தவள். நீ சொன்னது சரி என்று அந்த நொடியிலேயே தெரிந்தது. ஆனால் முறை என்னுடையது. டைரக்டர் காலையில்தான் பாராட்டியிருந்தார். நீ எனக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

"நம்ம பெஞ்சுலேந்து யாரும் எழுந்து போகமாட்டாடி" என்றேன்.

"அவ எழுந்து போவாண்டாம் மாமி. நாமளே எழுப்பி விட்டுட்டா?"

நீ டீயை முடித்துவிட்டுப் போய்விட்டாய். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. நான் ஒரு பட்டியல் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஒரு தாள், ஏழு பெயர். ஒட்டவில்லை.

நெய்யாறு எப்போதும் சிவப்பாகவே இருந்தது உனக்கு ஞாபகமிருக்கும். கழற்றிக்கொண்டு போன ஒரு டேப் டிரைவை அது இன்னும் தேடிக்கொண்டிருந்தது. பொய்ச் சிவப்பு. சரிசெய்ய ஆள் வர வேண்டும், ஆள் வரவில்லை. ஷிஃப்ட் மாற்றத்தில், "நெய்யாறு?" என்றால், "வழக்கம்போல" என்று பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். நான் எரிச்சலோடு திருத்துவேன்: "சிவப்புன்னு சொல்லுங்கோ." மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ஆய்வுக்கூட ரிப்போர்ட்கள் எல்லாம் நெய்யாற்றில்தான் ஓடின. ரத்தம், சளி, புண், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதுவரை. ஊருக்குள் இருந்த பெரிய ஆய்வுக்கூடத்தில் முடிவு ஏறும். நெய்யாறு அதை மலையோர ஊர்களுக்கு அனுப்பும்.

டெல்லியிலிருந்து மையத்தைப் பார்வையிடக் குழு வருவதற்கு முந்தின நாள் டைரக்டர் வந்து சுவரின் முன்னால் நின்றார். "எந்தா மேடம் இது? கல்யாணப் பெண்ணின் முகத்தில் பரு போலே. நாளெ அவர் வரும்போ சிவப்பு வேண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பாதியை அவர் தலையில் போட்டுவிட வசதிதான். போடமாட்டேன். சிவப்பு வேண்டாம் என்றார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைத் திறந்ததும், நெய்யாற்றின் டிக்கை எடுத்ததும் நான். சுவர்த்திரை பொதுவான ஒரு பெயரில் திறந்திருந்தது. யார் மாற்றினார்கள் என்று அதில் பதிவாகாது. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

நீ அப்போது லீவில் இருந்தாய். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன்.

குழு வந்தது, பெயர் வாசிப்பைக் கேட்டது, கைதட்டியது, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது, போனது. அன்று சாயங்காலமே டிக்கைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மறக்கவில்லை. வீட்டுக்குப் புறப்படும்போது சுவரைப் பார்த்தேன். ஆறு கட்டம், ஆறும் பச்சை. ஒரு வருஷமாக என் கண்ணை உறுத்திய ஒன்று அங்கே இல்லை. அந்தப் பொய்ச் சிவப்பைச் சரிசெய்த பிறகு நெய்யாற்றைச் சுவருக்குக் கொண்டுவருவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷிஃப்ட் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் எதற்காக எடுத்தேன் என்று சொல்ல வேண்டிவரும். விருந்தாளிகளுக்காக முகத்தைத் துடைத்துவிட்டேன் என்று மேடம் எப்படிச் சொல்வாள்?

அடுத்த நாள் நெய்யாற்றின் டிஸ்க் நிரம்பியது. ரிப்போர்ட்கள் வரிசையில் நின்றன. அது உண்மையான சிவப்பு. பார்க்க யாருமில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆறு பெயரை உரக்க வாசித்து, ஆறு பச்சை சொல்லி, இரண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தர்கூடச் சோம்பல் படவில்லை. என் முறையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

டிஸ்க் நிரம்பிய நான்காம் நாள் காலை ஷிஃப்டுக்கு நீ வந்தாய். வாசித்து முடித்ததும், "நெய்யாறு எங்க?" என்று நீ ஒருத்திதான் கேட்டாயாம். உனக்கு முந்தின ஷிஃப்டில் இருந்த பையன், "மேடம் எடுத்திருப்பாங்க சேச்சி, மெயின்டனன்ஸா இருக்கும்" என்றானாம். மேடத்துக்குத் தெரியாமல் எதுவும் இருக்காது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாய். அந்த ஒரு கையெழுத்துதான்.

பத்து மணிக்கு மலையோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூன்று நாளாக ஒரு ரிப்போர்ட்டும் வரவில்லை, இங்கே ஒரு பிரசவமான பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை என்று ஒரு டாக்டர் கத்தினார். நீ உள்ளே ஓடி, அந்தப் பக்கத்தைத் திறந்து, டிக்கைப் போட்டாய். சுவரில் நெய்யாறு சிவப்பாக வந்து நின்றது. டிஸ்க்கில் இடம் பண்ணி, வரிசையை அவிழ்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டை மட்டும் தனியாக எடுத்து டாக்டருக்கு போனிலேயே வாசித்தாய். அதன் பிறகுதான் என் அறைக்கு வந்தாய். கதவைச் சாத்திக்கொண்டாய்.

"மாமி. நெய்யாறை யாரு எடுத்தது?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ குற்றம் சாட்டவில்லை. 'நான்தான்' என்று நான் சொல்லிவிட்டால், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்காக நின்றுகொண்டிருந்தாய்.

"விசாரிக்கறேன்" என்றேன்.

உன் முகம் மாறியது. நீ அப்போதே தெரிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் இரண்டு நாள் கழித்து இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது. "நேரத்தில் வந்திருந்தால் மருந்தை மாற்றியிருப்போம், பிழைத்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அந்தக் கடைசிப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன்.

விசாரணைக்கு மூன்று பேர். நீளமான மேஜை. தலைமை வகித்தவர் நல்ல மனுஷர்தான். உன்னிடம், "சுவரில் ஒன்று குறைந்தது கண்டிட்டும் கையொப்பிட்டோ?" என்று கேட்டார்.

"ஆமா ஸார். கண்டேன். கையெழுத்தும் போட்டேன்."

"ஏன்?"

"மேடத்துக்குத் தெரியாம அந்தச் சுவத்துல ஒண்ணும் மாறாது, ஸார். அந்த நம்பிக்கையிலதான் போட்டேன்."

சொல்லிவிட்டு நீ என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாய். நானே ஒப்புக்கொள்ள எனக்கு வழிவிட்டு நின்றாய் என்று இப்போது படுகிறது. எனக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்க அவர் என் பக்கம் திரும்பினார். "அங்ஙனெ ஆணோ, மேடம்? நிங்ஙள் அறிஞ்ஞிருந்தோ?"

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேடத்துக்கு ஞாபகம் இல்லையென்றால் அப்படி ஒன்று நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். என் கையாலேயே குறிப்பு எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. பணியில் இருந்தவர் ஒரு சிஸ்டம் காட்சியில் இல்லாததைக் கவனித்தும் பதிவு செய்யாமல் கையெழுத்திட்டார். உண்மை. காட்சியில் எது இருக்கிறது என்பதைச் சரிபார்ப்பது பணியில் இருப்பவரின் பொறுப்பு. அதுவும் உண்மை, நான்தான் விதியை எழுதினேன்.

உன்னைத் தம்பானூரில் பழைய டேப்புகள் வைத்திருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். சன்னல் இல்லாத இடம் என்று கேள்விப்பட்டேன், வந்து பார்க்கவில்லை. ஒருமுறை மழையில் பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கண்டேன். நீ பாறசாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் குடையை என் தலைக்கு மேலே பிடித்தாய்.

"நனையாதீங்க மாமி. உங்க சாருக்கு எப்பிடி இருக்கு? சுகர் குறைஞ்சுதா?"

"இருக்கார். நீ எப்படி இருக்கே?"

"அங்க டேப்புக்கெல்லாம் நான்தான் ராணி. ஒருத்தனும் சிவப்பு காட்டமாட்டான்."

சிரித்தாய். உன் இடது தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்தது. நீ குடையை என் கையில் திணித்துவிட்டு ஏறிவிட்டாய். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டாய் என்று யாரோ சொன்னார்கள். நான் ஓய்வுபெற்றபோது நடந்த விழாவில் என் பெயர் வாசிப்பு முறையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

இதுவரை சனிக்கிழமை எழுதினேன். இன்று திங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு உன் மகள் வந்தாள். நான் பேசினால் சொற்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தேன். டிக்கை எடுத்தது நான். திரும்பப் போடாதது நான். ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்து மறுபடி முதலில் இருந்து படித்தாள். அழவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். நான் சொல்லலை."

"நீங்க சொல்லியிருக்கலாம், ஆன்ட்டி. ஊருக்கு வேண்டாம், ஆபீஸுக்கு வேண்டாம். அம்மாகிட்ட மட்டுமாவது." பிறகு தாளைக் காட்டி, "இதுல செத்துப்போன அந்தப் பொண்ணோட பேர் எங்க?" என்றாள்.

"பேர் எனக்குத் தெரியாது."

"தெரியாதா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "ரிப்போர்ட் நம்பர் எழுதியிருக்கீங்க. பத்து இலக்கம். அது ஞாபகம் இருக்கு."

ஞாபகம் இருந்தது.

"லதிகா" என்றாள். "அம்மா மூணு தடவை அந்த வீட்டுக்குப் போனாங்க. மொத ரெண்டு தடவை அவங்க புருஷன் கேட்டைத் திறக்கலை. மூணாவது தடவை லதிகாவோட அம்மா தண்ணி குடுத்தாங்க. அம்மா குடிச்சுட்டு, எங்க ஆபீஸ்ல தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிட்டு வந்தாங்க. 'எங்க ஆபீஸ்ல'ன்னுதான் சொன்னாங்க. நான் கூடப் போயிருந்தேன். எனக்கு அப்போ பதிமூணு வயசு."

"நானும் ஒரு தடவை அங்க போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"போகாதீங்க." உன் குரல், உன் உறுதி. "இப்போ போனா அது உங்களுக்காகத்தான் இருக்கும். அவங்களுக்கு அதனால ஒண்ணும் இல்லை. இதைக் குரூப்ல போடுங்க. அம்மாவைப் பத்தி எழுதியிருக்கே, அதுக்குக் கீழயே போடுங்க. அது போதும்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுபடி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் போன கையோடு போட்டேன். ஆங்கிலத்தில், எல்லோருக்கும் புரியும்படி, லதிகாவின் பெயரோடு. ஐந்து நிமிஷத்தில் ஒருவர்: "மேடத்தின் போன் ஹேக் ஆகியிருக்கிறது. யாரும் எதையும் தொடாதீர்கள்." இன்னொருவர்: "ச்சே, இப்படியும் செய்வார்களா? அட்மின் கவனிக்கவும்." சற்று நேரத்தில் என் செய்தி காணாமல் போனது. குழுவைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார். உன் ஷிஃப்டில் இருந்தவர்தான், மெலிந்த குரல்காரர்.

"மேடம், உங்க பேர்ல எவனோ அசிங்கமா போட்டிருக்கான். பயப்படாதீங்க, நான் எடுத்துட்டேன்."

"எவனும் போடலை. நான்தான் போட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கு மேடம் இப்போ? அவங்களும் போயாச்சு. டைரக்டரும் போயாச்சு. காலையில குட்மார்னிங், யாருக்காவது பேரன் பிறந்தா வாழ்த்து, இவ்வளவுதான் இங்க நடக்கறது. குரூப் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே."

"மறுபடி போடப்போறேன். எடுத்தா மறுபடியும் போடுவேன். எனக்கு வேற வேலை இல்லை."

"மேடம், உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்."

மறுபடி போட்டேன். முதல் வரியில், இது நானே எழுதியது, என் கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சேர்த்தேன். அவர் எடுக்கவில்லை. கீழே கூப்பிய கைகள் ஏதும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். உன்னைப் பற்றி அந்த வரியை எழுதியவர் அதை எடுத்துவிட்டு வேறொன்றும் எழுதாமல் இருக்கிறார். இன்று காலையில் யாரும் குட்மார்னிங் போடவில்லை. என் தங்கை மதுரையிலிருந்து கூப்பிட்டு, "உனக்கு என்ன ஆச்சு, டாக்டரைப் பாக்கலாமா?" என்று கேட்டாள். பார்க்க வேண்டாம் என்றேன்.

எனக்கு மனசு இலேசாகிவிட்டது என்று உனக்கு எழுத வழியில்லை. ஆகவில்லை. ஆகும் என்று உன் மகளும் சொல்லவில்லை. நான் நேராக எழுதிய அந்த இரண்டு பக்கம், உனக்கு அந்தச் சன்னல் இல்லாத கிடங்கில் போன ஒரு நாளைக்கூடத் திருப்பித் தராது.

இன்று காலை வாசல் தெளித்துவிட்டு நின்றபோது 'லதிகா' என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் தன்னை அழைத்தேனோ என்று திரும்பிப் பார்த்தார். இனி என்னிடம் இருப்பவை இரண்டு: அந்தப் பெயரும், 'ஞாபகம் இல்லை' என்று அந்த மேஜைக்கு முன்னால் நான் சொன்ன சொல்லும். முதலாவதை இத்தனை காலம் நீ எனக்காக வைத்திருந்தாய். இரண்டாவது எப்போதும் என்னுடையதுதான்.